பனி விழுந்தா சத்தம் கேக்குமா?

மழைதான் இதை ஆரம்பித்து வைத்தது.

துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் அப்பா வேலை செய்த குளிர்கிடங்குக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. தகரக் கூரை. டிசம்பர் மழை அதன் மேல் இறங்கினால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அன்றைக்கு ஃபேக்டரி பஸ் வரவில்லை. வழியெல்லாம் தண்ணீர். நான் வீடு இருக்கும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து என் சின்னக் காடியை ஓட்டிக்கொண்டு அப்பாவைக் கூட்டிவரப் போனேன்.

காடியை நிறுத்திவிட்டுக் குடையோடு ஓடினேன். குடை பாதி வழியில் புரண்டுகொண்டது. நனைந்த கோழி மாதிரி கூரைக்குள் நுழைந்தேன். அப்பா ஆரஞ்சு நிறக் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் அங்கே நின்றிருந்தார். கிடங்குக்குள் மைனஸ் பதினெட்டு. வெளியே நம்ம ஊர் புழுக்கம். அவர் புருவத்தில் ஒட்டியிருந்த உறைபனி அப்போதுதான் கரைந்து கண்ணாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

அப்பா ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

"ஆங்?"

குனிந்து என் காதருகே வாயை வைத்துக் கத்தினார். "மழைக்கு இவ்வளவு சத்தம் இருக்குல்ல. பனி விழுந்தா சத்தம் கேக்குமா?"

நான் வேதியியல் படித்தவள். பாமாயில் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. பனிப்படிகம் ஏன் ஆறு முனையோடு இருக்கிறது என்று கேட்டால் தாளில் வரைந்தே காட்டுவேன்.

"தெரியலப்பா."

"ம்," என்று அப்பா மழையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவருக்கு அது அதோடு முடிந்துபோனது. எனக்கு அங்கேயே பிடித்துக்கொண்டது.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒன்று தோன்றிவிட்டால் அதைச் செய்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. போன வாரம் எழுதினேனே, சைக்கிளில் மூவார் வரை போய், முழங்கால் பிசகி, சோபா ஏற்றிய லாரியில் சோபா மேலேயே உட்கார்ந்து திரும்பி வந்த கதை. அதே ஆள்தான். மழை விடுவதற்குள் போனில் குளிர்கால விமான அட்டவணையைத் திறந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருட இரைச்சல்

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குக் குளிர் புதிதல்ல. கப்பலில் வந்திறங்கும் கோழி, மீன், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அடுக்கிவைக்கிற கிடங்கில் இருபத்திரண்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஆனால் அவருக்குத் தெரிந்த குளிருக்கு மேலே வானம் கிடையாது. மேலே இருப்பது காற்றாடிகள். ஆள் உயரக் காற்றாடிகள், இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். அதன் கீழேயே வேலை செய்து அப்பாவின் வலது காது மந்தமாகிவிட்டது. வீட்டில் எதையாவது சொல்ல வேண்டுமானால் நாங்கள் தன்னாலேயே அவருடைய இடது பக்கம் போய் உட்காருவோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, குடும்ப நாள் என்று பிள்ளைகளை ஒரு முறை கிடங்குக்குள் அழைத்துப்போனார்கள். ஐந்து நிமிடம்தான். சுவரெல்லாம் ஊசி ஊசியாக உறைபனி. நான் அதில் என் பெயரை எழுத விரலை நீட்டினேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். காற்றாடி சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன். "மறந்துட்டேன்மா" என்றார். இன்றைக்கும் அது எனக்குத் தெரியாது.

கிடங்குக்கு என்று சில சட்டங்கள் உண்டு. நாற்பது நிமிடம் உள்ளே, பதினைந்து நிமிடம் வெளியே. தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. போகிறவர் தன் எண் போட்ட வில்லையைக் கதவுப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கடைசியாக வெளியே வருகிறவர், கதவைச் சாத்துவதற்கு முன் மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று.

அப்பாவின் எண் பதினான்கு. அந்த மூன்று குரலை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் கோயிலுக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு கண்ணெதிரே நிற்போம். அவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெற்று வீட்டைப் பார்த்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்பார்.

"பல்லி இருக்கு, கூட்டிட்டுப் போலாமா?" என்பாள் அம்மா.

அம்மா கேட்ட கேள்வி

சியோலுக்குப் போகலாம் என்றேன். ஜனவரி. ஐந்து நாள். எனக்குக் கொரிய மொழி கொஞ்சம் வரும். போனில் எட்டு மாதம் படித்தேன்.

அப்பா சிரித்தார். அம்மாதான் கரண்டியோடு வந்தாள்.

"குளிரப் பாக்க ப்ளேன் ஏறிப் போறதா? உங்கப்பா இத்தன வருஷமா அத ஓசியில பாத்துட்டு வர்றாரு. ரிட்டயராகி வெயில்ல நாலு நாள் உக்காரட்டும்லா."

"அங்க பனி வானத்திலேருந்து விழும்மா."

"விழட்டும். இங்க மழ விழல?"

மறுநாள் காலையில் பசியாறும்போது, அப்பா இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பஸ் ஸ்டாப் கேள்வியை அம்மாவிடம் சொன்னேன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவரா கேட்டாரு?"

"ஆமா."

"இடது காது இன்னும் நல்லாத்தானே கேக்குது?"

"இப்போதைக்குக் கேக்குது. போன தடவ டாக்டர் அதையும் பாத்துக்கணும்னு சொன்னாரும்மா."

அம்மா பால் சேர்க்காத தே ஓவைக் குடித்து முடித்தாள். "என் பாஸ்போர்ட்டு எங்க இருக்குன்னு தேடு" என்றாள்.

உடுப்புக்கு நாங்கள் கடைக்குப் போகவில்லை. கிடங்கிலேயே பழைய ஜாக்கெட்டுகள் இருந்தன. அப்பாவுடையது ஒன்று. அவரோடு பல வருடம் ஒரே ஷிஃப்டில் வேலை செய்த ரோஸ்லி மாமா தன் வீட்டிலிருந்து இன்னும் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். துவைத்து, மடித்து, பையில் வாசனைக்கு ஒரு பண்டான் இலையும் போட்டு. "பனியப் பாத்தா என் சலாம் சொல்லுங்க" என்று சிரித்தார். மூன்றுமே ஆரஞ்சு நிறம். கையிலும் இடுப்பிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. முதுகில் மலாயில் பெரிய எழுத்து: ஃபோர்க்லிஃப்டுக்கு வழி விடவும்.

பதினோரு இடங்கள்

முதல் இரண்டு நாளும் சியோலில் நீல வானம். ஒரு துளி மேகம் இல்லை. மூக்கு நுனி கழன்று விழும் போலக் குளிர், ஆனால் பனி இல்லை. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் விழலாம் என்று போன் சொன்னது. அதற்கடுத்த நாட்களில் மறுபடியும் நீலம். ஆக, எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளுக்கு நான் பதினோரு இடங்களைப் பட்டியல் போட்டிருந்தேன். அரண்மனை, ஓட்டு வீடுகள் உள்ள பழைய தெரு, நகரத்தின் நடுவே ஓடும் ஓடை, நாம்சான் மலை என்று மணி வாரியாக. பனி எங்கே விழுந்தாலும் நாம் ஓர் அழகான இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு.

காலை ஒன்பது மணிக்கு அரண்மனை வாசல். நான் பஞ்சு உருண்டை மாதிரி உருண்டுகொண்டிருந்தேன். அம்மா பஞ்சாபி உடுப்புக்குள் அப்பாவின் இரண்டு கால்சட்டைகளைப் போட்டுக்கொண்டு, தலையில் கறுப்புச் சால்வை, கையில் ரசம் ஊற்றிய பிளாஸ்க்கோடு வந்தாள். அப்பா மட்டும் ஜாக்கெட் பொத்தானைக்கூட முழுதாகப் போடவில்லை.

"இது என்னமா, சில்லர் ரூம் குளிரு. நம்மளுது ஃப்ரீசர்."

அவர் முகத்தில் ஓர் அதிகாரம். இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ள ஒரே விருந்தாளி அந்த நகரத்தில் அவர்தான் என்பது போல.

முற்றத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். ஓர் ஐரோப்பியக் குடும்பம் நேராக அப்பாவிடம் வந்தது. ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்து அரண்மனை ஊழியர் என்று நினைத்துவிட்டார்கள். கழிவறை எங்கே என்று கேட்டார்கள். அப்பா மறுக்கவில்லை. கையைக் காட்டினார், அவர்களுக்குப் புரியவில்லை, கூடவே நடந்துபோய்க் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"நீங்க ஏம்ப்பா போனீங்க?"

"கேக்கறாங்கள்ல. எனக்கு எடம் தெரியும். வந்ததும் நான் அங்கதானே போனேன்."

அடுத்த அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு பாட்டி அம்மாவிடம் குப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதை வாங்கித் தொட்டியில் போட்டாள். "வேல குடுத்தாத்தான் இந்த ஊருல உள்ள விடுவாங்க போல" என்றாள்.

அரச மண்டபத்தை நெருங்கும்போது அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது நிமிஷம் ஆச்சு. உள்ள போலாம்."

கைக்கடிகாரம்

முதல் முறை எனக்கு வேடிக்கையாக இருந்தது. டிக்கெட் கொடுக்கும் அறைக்குள் போய் ஹீட்டர் பக்கத்தில் பதினைந்து நிமிடம் நின்றோம். அப்பா எங்கள் கையுறைகளைக் கழற்றச் சொல்லி விரல் நுனிகளைப் பார்த்தார். நிறம் பார்த்தார். காலணிக்குள் விரல்களை அசைக்கச் சொன்னார். சரியாகப் பதினைந்து நிமிடம் ஆனதும் புறப்பட்டோம். கதவருகே நின்று திரும்பி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை. டிக்கெட் கொடுக்கிற பெண் எழுந்து நின்றுவிட்டாள். நான் அவளிடம் கொரிய மொழியில் மன்னிப்புக் கேட்டேன். எட்டு மாதப் படிப்பு இதற்குத்தான் உதவியது.

இரண்டாம் முறை ஒரு மளிகைக் கடை. மூன்றாம் முறை ஒரு வங்கியின் பணம் எடுக்கும் அறை. நாங்கள் மூன்று பேர் ஒரே மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட்டில் பணமும் எடுக்காமல் பதினைந்து நிமிடம் நின்றால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? காவலாளி வந்து வந்து பார்த்துப் போனார்.

மதியம் சாப்பிட்டு முடித்தபோது, பட்டியலில் இரண்டாவது இடத்தைக்கூட நாங்கள் முடித்திருக்கவில்லை.

பழைய தெருவில் ஏறிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வளைந்த ஓட்டுக் கூரைகள், கீழே நகரம் தெரிகிற சந்து. வானம் அப்போதுதான் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் நூறு படி ஏறினால் உச்சி. அப்பா நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது."

எனக்குள் ஏதோ அறுந்தது.

"அப்பா, இது உங்க கோல்ட் ரூம் இல்ல. மேல பாருங்க, வானம் இருக்கு. இத்தன தூரம் வந்தது பேங்குல நிக்கறதுக்கா?"

சொல்லி முடித்ததும்தான் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்றிருந்தது அவருடைய இடது பக்கம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும்.

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பழைய கடிகாரம், வார் வெடித்துப் போனது. அதை ஜாக்கெட்டின் உள் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"சரி, ஏறுவோம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஓர் அம்மா இருப்பாள்.

உச்சிக்குப் போனோம். படம் எடுத்தோம். அடுத்த இடத்துக்கு நடந்தோம். அப்பா ஒரு முறைகூட உள்ளே போகலாம் என்று சொல்லவில்லை. யாரோ வழி கேட்டபோதுகூட, தெரியாது என்று தலையசைத்துவிட்டார். அந்தக் குடும்பத்தைக் கழிவறை வரை கொண்டுபோய் விட்ட மனிதர். நான் படித்த ஒவ்வொரு வருடமும் அவர் உழைத்த அந்த நாற்பதிலும் பதினைந்திலும்தான் நடந்தது. அந்தச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அவருடைய பத்து விரலும் பத்தாக இருக்கின்றன. அவருக்கு மேல்நிலையில் இருந்தவர்களில் ஒருவருக்கு அப்படி இல்லை. அதை அப்பா ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்.

நிலத்தடியில்

மூன்று மணி தாண்டி ஓடைக்கு வந்தோம். தெரு மட்டத்துக்குக் கீழே தண்ணீர், ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. மேலே சாலையோரம் ஒரு பெஞ்சு. அம்மா பிளாஸ்க்கைத் திறந்து ரசம் ஊற்றினாள். ஆளுக்கு அரை மூடி. எதிரே சுற்றுலாப் பஸ் ஒன்று வெற்றாக இன்ஜினை ஓட்டிக்கொண்டு நின்றிருந்தது.

அப்பா வானத்தைப் பார்த்தார். "மேகம் எறங்கிக்கிட்டு இருக்கு."

நான் போனைப் பார்த்தேன். அங்கே வந்து நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நடந்ததைக் கணக்கில் எடுத்தால் இரண்டரை மணி நேரம். என் கால்விரல்கள் எனக்கே சொந்தமா என்று தெரியவில்லை. ஆனால் அதற்காக நான் சொல்லவில்லை. எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

"அப்பா, நாப்பது தாண்டிருச்சு. உள்ள போலாம்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "இல்லமா. இப்ப போக வேணாம். இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்."

"இல்லப்பா. சட்டம்னா சட்டம். பதினஞ்சு நிமிஷம்தானே. எழுந்திரிங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் முகத்தில் இரண்டு மணி நேரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு வந்தது. உள் பையைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். நான் அப்படிச் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும்.

சாலைக்கு அடியில் ஒரு நிலத்தடிக் கடைவீதி. படி இறங்கினால் காலுறைக் கடை, கைப்பைக் கடை, கடைசியில் சூடான மீன் கேக் சூப் விற்கும் கடை. ஜன்னல் கிடையாது. ஆவி பறக்கும் சட்டிக்குப் பின்னால் சிவப்பு ஏப்ரன் கட்டிய ஓர் அம்மாள். நான் எட்டு மாதப் படிப்பைத் திரட்டி மூன்று கிண்ணம் கேட்டேன். அப்பா வழக்கம்போல் என் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"ஏம்மா இவ்வளவு வெளுத்திருக்கு? முன்னாடியே சொல்ல வேணாமா?"

"நீங்கதான் வாட்ச்ச கழட்டிட்டீங்களே."

"ஓ, இப்ப தப்பு என் மேலயா?"

சிரித்தோம். சூப் மூவார் மீன் கேக்கை ஞாபகப்படுத்தியது. நம்மளுதுதான் ருசி என்று அப்பா தீர்ப்பு சொன்னார். ஆனாலும் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். பாதியில் தலையை நிமிர்த்தினார்.

"மூணு பேரு எறங்கினோம். ரெண்டு பேருதான் இருக்கோம். உங்கம்மா எங்க?"

அம்மாவின் கிண்ணம் தொடாமல் இருந்தது. காலுறைக் கடையில் இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. கழிவறையிலும் இல்லை. அப்பா எழுந்துவிட்டார். "கமலா" என்று கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். ஒன்று. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு. படிக்கட்டுக் கீழே போய் மேலே பார்த்து மூன்றாவது முறை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அம்மா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பிளாஸ்க். கறுப்புச் சால்வை முழுக்க வெள்ளை. தோளில், கையில், புருவத்தில் வெள்ளை.

அம்மா பார்த்தது

இரண்டு பேரும் சூப்புக்குக் காசுகூடக் கொடுக்காமல் மேலே ஓடினோம்.

பனி விழுந்து நின்றிருந்தது.

பெஞ்சின் மேல் விரல் கனத்துக்கு வெள்ளை. உறைந்த ஓடையின் மேல் வெள்ளை. மேகம் கலைந்து ஒரு மூலையில் வெளிச்சம்கூட எட்டிப்பார்த்தது. காற்றில் ஒன்றுமே இல்லை. அந்தச் சுற்றுலாப் பஸ் மட்டும் அதே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

அப்பாவை இழுத்துக்கொண்டு கீழே போனவள் நான். பதினைந்து நிமிடம். அதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா மூச்சு வாங்க எங்கள் பின்னாலேயே ஏறி வந்தாள். "பிளாஸ்க்க பெஞ்சுலயே வெச்சிட்டேன். சொன்னா, தனியா போகக் கூடாதும்பீங்க. அதான் சொல்லாம வந்தேன்."

"எவ்வளவு நேரம் விழுந்துச்சும்மா?"

"நான் வந்தப்பதான் ஆரம்பிச்சிச்சு. நிக்கற வரைக்கும் இருந்தேன்."

"எங்களக் கூப்பிட வேண்டியதுதானே?" என் குரல் உடைந்தது. "பக்கத்துலதானே இருந்தோம்."

"கூப்பிடத்தான் ரெண்டு படி எறங்கினேன். அப்புறம் யோசிச்சேன். கீழ வந்து உங்களத் தேடி, நீங்க கையொற மாட்டி, இவரு மூணு தடவ கூப்பிட்டு, மேல வர்றதுக்குள்ள நின்னுட்டா? அப்போ யாருமே பாத்திருக்க மாட்டோம்லா. ஒருத்தராச்சும் முழுசா பாத்தாத்தானே வந்து சொல்ல முடியும்." சால்வையைச் சரிசெய்யப் போன கையை அம்மா அப்படியே நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்குச் சொல்றதுக்குத்தாங்க பாத்தேன்."

அப்பா அம்மாவிடம் போனார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, அவள் முழங்கையில் ஒட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தார். கறுப்புத் துணியில் அது துல்லியமாகத் தெரிந்தது. ஆறு முனை.

"நம்ம ஐஸ் மாதிரி இல்லையே" என்றார். "நம்மளுது முள்ளு. சொரண்டித்தான் எடுக்கணும். இது பூ மாதிரி வந்து உக்காந்திருக்கு."

"ஆடாம நிக்கறேன். நல்லாப் பாருங்க."

அம்மா கையை நீட்டியபடியே நின்றாள். நின்ற இடத்தில் அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார், கரைகிற வரை. கிடங்கிலிருந்து அவர் வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்று, புருவத்தில் உறைபனியின் ஈரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அம்மா துடைத்துவிடுவதை நான் பள்ளிக்கூட நாட்களில் பார்த்திருக்கிறேன். இப்போது அப்பா கைக்குட்டையை எடுத்து அவள் புருவத்தைத் துடைத்தார்.

"இத்தன வருஷம் நான் கொண்டாந்தேன். இன்னிக்கு நீ கொண்டாந்திருக்க."

பிறகுதான் கேட்டார். தன் இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு.

"சத்தம் கேட்டுச்சா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். கேட்டது என்றோ கேட்கவில்லை என்றோ. அப்பா நம்பியிருப்பார்.

"அலமாக், அத எங்கங்க கேட்டேன். பாழாப் போன இந்தப் பஸ்ஸு, நான் வந்ததுலேருந்து நிக்கிற வரைக்கும் உறுமிக்கிட்டே இருந்துச்சு."

அப்பா பஸ்ஸைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். குளிர்கிடங்கில் இருபத்திரண்டு வருடம் காற்றாடி, இங்கே பஸ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் இருந்த பனியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். பஸ் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்ததும் வண்டியை அங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்ல வந்திருப்பதாக நினைத்துவிட்டார் போல. கையெடுத்து மன்னிப்புக் கேட்பது போல் தலையைக் குனிந்துவிட்டு, அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெரு அமைதியானது. விழத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

காசு கொடுக்கக் கீழே இறங்கினோம். சிவப்பு ஏப்ரன் அம்மாள் எங்களைத் திட்டவில்லை. அம்மாவின் கிண்ணத்தைத் தட்டால் மூடிச் சூடாக வைத்திருந்தார். அம்மாவின் ஈரச் சால்வையைப் பார்த்ததும், ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து தலையில் போர்த்திவிட்டார். எனக்கு நன்றி சொல்ல வார்த்தை தெரியும். இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அம்மா தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாளுக்கு அதுதான் நன்றாகப் புரிந்த மாதிரி இருந்தது.

மிச்ச எட்டு இடத்துக்கும் நாங்கள் போகவில்லை. அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா முழுவதையும் சொன்னாள். முதல் ஒன்று பிளாஸ்க் மூடியில் விழுந்ததை, ரசத்தில் விழுந்துவிடுமோ என்று அவசரமாக மூடியதை, அது நேராக விழாமல் இடம் தேடுவது மாதிரி அலைந்ததை. அப்பா இடையில் குறுக்கிட்டு, "பெருசா, சின்னதா?", "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா இவ்வளவு நேரம் பேசி, அப்பா இவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வரி

திரும்பி வந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. ஜாக்கெட்டுகளைத் துவைத்து ரோஸ்லி மாமாவிடம் கொடுத்தோம். சலாம் சொன்னீர்களா என்று கேட்டார். கமலா சொன்னாள் என்றார் அப்பா.

நேற்று பெர்மாஸ் ஜெயாவில் மழை. காடி நிறுத்தும் இடத்துத் தகரத்தில் அடித்து ஊற்றியது. நான் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். அப்பா வந்து எனக்கு வலப் பக்கமாக, தன் இடது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"பஸ்ஸு வராத ஊரு இருக்கா?" என்றார், மழைக்கு மேல் கத்தி.

இருக்கிறது. ஜப்பானின் வடக்கே, கடைசி ரயில் நிறுத்தத்திலிருந்து நடந்துதான் போக வேண்டிய ஒரு சின்ன ஊர். அங்கே பனி நாள் கணக்கில் விழுமாம். அடுத்த குளிர்காலத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு நிபந்தனை உண்டு. "நான் பாத்துட்டேன். இந்தத் தடவ நான் உள்ள அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. நாப்பது நிமிஷம் ஆனா கதவத் தொறந்து மூணு தடவ கூப்பிடுவேன்." அப்பா உள்ளே போய், ஓய்வு பெற்ற நாளில் ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கொடுத்த பதினான்காம் எண் வில்லையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

தூங்கப் போவதற்கு முன் அப்பா என்னிடம் ஒன்று கேட்டார். "நின்னுக்கிட்டுக் கேக்கணும்னு இல்லையேமா? படுத்துக்கிட்டுக் கேக்கலாமா? வலது காது பனியில, இடது காது மேல."

சியோலுக்கு நான் பதினோரு இடங்கள் எழுதினேன். இந்த முறை பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது:

காலை முதல், அப்பா படுத்திருப்பார்.